நான்கு நொடிக்கு ஒரு டொக்

இரவு ஒன்று நாற்பதுக்குக் கைபேசி அலறியது.
ஹவுடாவுக்கு மேற்கே, சதுப்பை இறைத்து எடுத்த நிலத்தில்
ரயிலுக்கு மின்சாரம் ஊட்டும் துணைமின் நிலையம்
நலமாகத்தான் இருக்கிறது,
அதற்குச் சோறு வரவில்லை.
பத்தாயிரம் வோல்ட் கேபிள்
எங்கோ மண்ணுக்குள் புண்பட்டுக் கிடக்கிறது.
எங்கே என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியை
எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.
அந்தக் கம்பிக்கு யார் கொடுக்கிறார்கள் என்று
பயணச்சீட்டில் போடுவதில்லை.

ட்யாலிங் அதிகம் பேச மாட்டான்.
கேபிளின் நுனியைக் கழற்றி
வேனுக்குள் இருக்கும் பெட்டியோடு கட்டினான்.
பெட்டி மூச்சைப் பிடிக்கும், விடும்.
நான்கு நொடிக்கு ஒருமுறை
பூமிக்கடியில் ஒரு குட்டி இடி.
ஆயிரத்து நூற்றுப் பத்து மீட்டர் என்றது திரை,
கூடக் குறைய முப்பது.
அந்த முப்பதுக்குத்தான் என் காது.

ஈரப் புல்லில் மண்டியிட்டேன்.
ஒலிவாங்கியை நிலத்தில் ஊன்றினேன்.
ஆடு அசைபோடுவது கேட்டது.
தூரத்துப் பம்பு, தூங்காமல்
கால்வாய்க்கு நீரைத் தூக்கிக்கொண்டிருப்பது கேட்டது.
என் ரத்தம் கேட்டது.
டொக் மட்டும் கேட்கவில்லை.

பைஜாமாவின் மேல் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு
டார்ச்சோடு வந்தார் நிலத்துக்காரர் ஹார்மன்.
ரயில்வேயா?
ரயில்வேக்குச் சமைத்துப் போடுகிறவர்கள், என்றேன்.
சிரிக்கவில்லை.
நாங்கள் நகர நகர அவரும் நகர்ந்தார்,
வேலியோரம் ஓரிடத்தில் மட்டும்
நின்றவர் நின்றபடியே நின்றார்.

டொக்.

அவர் பூட்ஸுக்கு அடியில்தான்.

இங்கே வேண்டாமே, என்றார்.
இங்கேதான், என்றேன்.
அதற்குப் பிறகு மண்வெட்டியை எங்களிடம் தராமல்
அவரே வாங்கிக்கொண்டார்.

முழங்கால் ஆழத்தில் ஒரு கழுத்துப்பட்டை.
தகட்டின் எழுத்தைத் துரு தின்றிருந்தது.
பிறகு எலும்புகள், ஒவ்வொன்றாக,
தன் மேல்சட்டையில் எடுத்து வைத்தார்.
அதற்கும் கீழே எங்கள் காப்புப் பலகை
ஒரு மூலையில் உடைந்திருந்தது.
அதற்கும் கீழே கேபிள்.
மேலுறையில் நகக்கண் அளவு கீறல்,
கருகிய வாய் திறந்தபடி.

காலை ஐந்து ஐம்பத்திரண்டு ரயிலோடு ஓடும், என்றார்.
வேலி முடியும்வரை ஓடிவிட்டுத் திரும்பி வரும்.
அதனால்தான் இங்கே வைத்தேன்.
இருட்டில் தோண்டினேன், என்னமோ தட்டியது,
கல் என்று நினைத்தேன்.

நான்கு குளிர்காலம்.
அந்தக் கீறலின் வாசலில் நீர் காத்திருந்திருக்கிறது.
இந்த நாட்டில் நீரைப்போலப் பொறுமைசாலி யாரும் இல்லை.
அத்தனை நாளும் ரயில்கள் ஓடின,
அந்த ஐந்து ஐம்பத்திரண்டும்.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
தோண்டியவர் பெயரும் முகவரியும் எழுதினால்
செலவு அவர் வீட்டுக்குப் போகும்.
ஒரு மாட்டை விற்றால் தீராது, பத்தை விற்றாலும்.
பேனாவைப் பிடித்துக்கொண்டு
மழையைப் பார்த்தேன்.
ட்யாலிங் அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தான்:
கரிமண். இறங்கிக்கொண்டே இருக்கிறது.
இங்கே எல்லாமே இறங்குகிறது.

நிலம் தாழ்தல், என்று எழுதினேன்.
முழுப் பொய் இல்லை.

கூடாரத்துக்குள் கெட்ட துண்டை வெட்டி எறிந்து
புதுத் துண்டுக்கு இரண்டு இணைப்புகள் போட்டோம்.
வியர்வை செம்பில் சொட்டாமல் இருக்க
ட்யாலிங் நெற்றியில் கைக்குட்டை கட்டியிருந்தான்.
மின்சாரம் திரும்பும்போது மணி ஏழே கால்.
ஐந்து ஐம்பத்திரண்டு அன்று வரவேயில்லை.
வந்தது வேறு ஏதோ ஒன்று,
நின்றுகொண்டே தூங்கும் ஆட்களோடு.
ஹார்மன் தலை தூக்கிப் பார்க்கவில்லை,
இரண்டு மீட்டர் தள்ளிக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்,
இம்முறை என்னிடம் கேட்டுவிட்டு.

வரைபடத்தில் இணைப்புகளுக்கு இரண்டு புள்ளிகள் வைத்தேன்.
பக்கத்தில் ஒரு சிறு வட்டமும்.
விதியில் அப்படி ஒரு குறி கிடையாது.
பெயர் எழுதலாம் என்று பேனாவை வைத்தபோதுதான்
நாயின் பெயரைக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.
வேன் அதற்குள் நெடுஞ்சாலை ஏறியிருந்தது.